ஏழாம் பெயருக்கு ஒரு புள்ளடி

வட்டாரசபைத் தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கையில், ஒஸ்லோ ஹவுகன்ஸ்டுவாவில் வசிக்கும் திருமதி உதயகுமாரி ரவீந்திரன் ஒரு தேத்தண்ணியை வேண்டாம் என்றார். மேற்படி சம்பவம் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியளவில், அதே வட்டாரத்தில், ஸ்டொவ்னரில் உள்ள மங்களேஸ்வரி அக்காவின் வரவேற்பறையில் நடந்தது. கூட இருந்து கண்டவர்கள் மூன்று பேர். மூன்று பேரிடமும் கைபேசி இருந்தது.

உதயகுமாரிக்கு ஐம்பத்து நாலு வயது. முதியோர் இல்லமொன்றில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை. அரசியல் ஆசை எதுவும் அவருக்கு இருக்கவில்லை. ஆனால் அந்த வருடம், முதியவர்கள் பகலில் கூடிச் சாப்பிட்டுக் கதைத்துவிட்டுப் போகிற பகல் நிலையத்தை மூடி, ஆளுக்கொரு டாப்லெட் கொடுப்பதென்று வட்டார நிர்வாகம் ஒரு திட்டம் போட்டது. திட்டத்தின் பெயர் ‘டிஜிட்டல் அருகாமை’. வீட்டை விட்டு வெளியேறாமலே சமூகத்தில் பங்குபற்றும் உரிமையை இத்திட்டம் முதியவர்களுக்கு உறுதிப்படுத்துவதாக இருநூற்றுப் பதினாலு பக்க ஆவணம் ஒன்று சொன்னது. அதை முழுதாக வாசித்த ஒரே ஆள் உதயகுமாரி. எழுதியவர்கள்கூட அவரவர் பகுதியைத்தான் வாசித்திருந்தார்கள்.

பகல் நிலையத்துக்கு வருகிற முப்பத்தொரு பேரில் பாதிப்பேர் தமிழர். பலருக்கு அந்த மத்தியானச் சாப்பாடுதான் அன்றைக்கு ஒரே சுடுசாப்பாடு, அந்த மேசைதான் அன்றைக்கு ஒரே கதை. வாசித்து முடித்த கையோடு உதயகுமாரி ஒரு கட்சி அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரைக் கொடுத்தார்.

கட்சி அவரைப் பட்டியலில் ஏழாவதாகப் போட்டது. முதல் ஆறு பேரும் எப்படியும் தெரிவாவார்கள். கட்சிக்கு வாக்குப் போடுகிறவர்கள், பிடித்த ஆளின் பெயருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு புள்ளடியும், அதாவது ஒரு பெருக்கல் குறியும், போடலாம். ஏழாவது ஆசனம் அந்தப் புள்ளடிகளைப் பொறுத்தது. ஆகவேதான் வீடுவீடாகப் போனார். ஆகவேதான் தேத்தண்ணி வந்தது.

“சீனி வருத்தமோ?” என்று கேட்டார் மங்களேஸ்வரி அக்கா.

“இல்லை அக்கா.”

“பால் ஒத்துக்கொள்ளாதோ? பிளேன்ரீ போடட்டே?”

“தேயிலையே வேண்டாம். எங்கட சமயத்தில குடிக்கிறேல்லை.”

“எந்தச் சமயத்தில?”

“நான் மோர்மன் சபைக்குப் போறனான் அக்கா.”

மங்களேஸ்வரி அக்கா கொஞ்சநேரம் யோசித்தார். “அப்ப மோர் குடிப்பீர்தானே?”

உதயகுமாரி மோர் குடித்தார். கறிவேப்பிலை போட்ட நல்ல மோர். குடித்துக்கொண்டே பகல் நிலையத்தைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தார். ஆனால் அன்றிரவு வட்சப்பில் போனது மோர் மட்டுந்தான். மோர் மட்டுமே குடிக்கிற ஒரு சபை ஸ்டொவ்னரில் இறங்கியிருப்பதாகவும், அதற்குத் தலைவி தேர்தலில் நிற்பதாகவும் காலைக்குள் ஐந்நூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கிற துரொண்ட்ஹெய்ம் வரை தெரிந்துவிட்டது.

உண்மையில் அவர் சபை மாறிய கதை சின்னது. நாலு வருடத்துக்கு முந்திய ஒரு பனிக்காலம், சட்டைப்பையில் பெயர் குத்திய, மோர்மன் சபைக்கு ஆள் சேர்க்க வந்த இரண்டு அமெரிக்கப் பெடியள் வாசலில் நின்றார்கள். சப்பாத்து மெல்லிசு. உள்ளே கூப்பிட்டுச் சூப் கொடுத்தார். அவர்கள் பதிலுக்கு, கீழே ஒரு வாரமாகக் கிடந்த புதுச் சோபாவை நாலாம் மாடிக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அந்தச் சோபாவைத் தூக்கச் சொல்லிக் கணவர் ரவீந்திரன் தமிழ் ஆட்கள் நாற்பது பேருக்குச் செய்தி அனுப்பியிருந்தார். முப்பத்தெட்டுப் பேர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினார்கள். சோபா தூக்குகிற சமயத்தில் ஏதோ உண்மை இருக்க வேண்டும் என்று உதயகுமாரி போய்ப் பார்த்தார், பிறகு அங்கேயே நின்றுவிட்டார். ரவீந்திரன் முருகனோடேயே இருந்துகொண்டார்.

சைவ ஆட்களுக்கு இதில் பெரிய ஆட்சேபம் இருக்கவில்லை. தேத்தண்ணியை மறுத்ததுதான் மனவருத்தம். பிரச்சினை ‘மீட்பின் வாசல்’ சபையில் தொடங்கியது. தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபை; மோர்மன்காரரைக் கிறிஸ்தவர் கணக்கில் சேர்க்காத சபை. ஞாயிறு பின்னேரங்களில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் கூடும். விசுவாசிகள் நூற்றெண்பது பேர். போன தேர்தலில் இதே கட்சிக்கு ஒட்டுமொத்தமாகப் போட்ட சபை என்பதால், கட்சி அலுவலகத்தின் சுவரில் அந்த நூற்றெண்பதுக்கு ஒரு தனி வட்டமே வரைந்திருந்தார்கள்.

கட்சியின் பன்முகத்தன்மை ஆலோசகர் ஐரிக் உதயகுமாரியை அழைத்தார். முப்பது வயது, கம்பளித் தொப்பி, கட்டடத்துக்குள்ளும் அதைக் கழற்றுவதில்லை.

“உதயா, உங்கள் நம்பிக்கை உங்கள் தனிப்பட்ட விஷயம். நாங்கள் அதைப் பற்றி ஒருபோதும் கேட்கமாட்டோம்.”

“நன்றி.”

“ஆனால் அது வாக்குகளைப் பாதிக்குமா என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே மதத்தைப் பற்றிக் கேட்காமல் மதத்தின் தாக்கத்தை அறிய ஒரு செயற்குழு அமைத்திருக்கிறோம்.”

“என்னையே கேளுங்கோ. சொல்லுறன்.”

“இல்லை, இல்லை. உங்களைக் கேட்டால் அது பாகுபாடு.”

செயற்குழு நானூறு பேரிடம் கருத்துக்கணிப்பு எடுத்தது. கேள்வியில் மதம், சபை, மோர்மன் ஆகிய சொற்கள் வரக்கூடாது என்று சட்ட ஆலோசனை கிடைத்ததால், கேள்வி இப்படி அமைந்தது: “சூடான பானங்களோடு உங்களுடையதிலிருந்து வேறுபட்ட உறவு கொண்ட ஒருவருக்கு நீங்கள் வாக்களிப்பீர்களா?” எண்பத்து மூன்று வீதமானோர் “ஆர் அது?” என்று திருப்பிக் கேட்டார்கள். அது ‘நடுநிலை’ என்று பதியப்பட்டது. அறுபத்து நாலு பக்க அறிக்கையின் முடிவில், ‘பான இடைவெளி’யைக் குறைக்கும் பொருட்டு வேட்பாளர் கையில் கோப்பையோடு படம் எடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள்.

“கோப்பைக்குள்ள என்ன?” என்று கேட்டார் உதயகுமாரி.

“ஒன்றுமில்லை. உங்கள் மனச்சாட்சியை மதிக்கிறோம்.”

வெறுங்கோப்பையோடு அவர் சிரிக்கிற படம் ஸ்டொவ்னர் எங்கும் ஒட்டப்பட்டது. கோப்பை கொஞ்சம் சரிந்திருந்தபடியால் உள்ளே வெறுமை நன்றாகத் தெரிந்தது. கீழே எழுதியிருந்த வாசகம்: “உங்களோடு சேர்ந்து.”

அதே வாரம் மீட்பின் வாசலில் மூப்பர் சபை கூடியது. தலைமை பாஸ்டர் அருளானந்தன். ஏழு மூப்பர்களில் மூத்தவர் சூசைரட்ணம். முப்பது வருடம் டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர், எந்தப் பாதையிலும் சுற்றி வளைத்துப் போகிற பழக்கம் விட்டுப்போகாதவர்.

“போனமுறை ஆருக்குப் புள்ளடி போட்டனாங்கள்?” என்று பாஸ்டர் கேட்டார்.

“ஹோக்கனுக்கு.”

“அவர் கடவுளே இல்லை எண்டு பேப்பரில எழுதின ஆளெல்லே?”

சூசைரட்ணம் கையை உயர்த்தினார். “பாஸ்டர், அவருக்குக் கடவுளே இல்லை. இல்லாத கடவுளில பிழை வராது.”

“அதுக்கு முந்தினமுறை?”

“ஒரு முஸ்லிம் தங்கச்சிக்கு. அவ தூரத்தில நிக்கிறா. தூரத்தில நிக்கிறவையால கரைச்சல் இல்லை. இந்தப் பிள்ளை இயேசு எண்டு சொல்லுது, பைபிள் எண்டு சொல்லுது, கிட்டத்தட்ட எங்களை மாதிரியே இருக்குது. வேலியைத் தள்ளிப் போடுறது எப்பவும் பக்கத்து வளவுக்காரன்தான்.”

அந்த மேசையில் இருந்த அத்தனை பேரும் ஊரில் வேலி வழக்கு நடத்திய குடும்பங்களில் பிறந்தவர்கள். வாதம் உடனே விளங்கியது. ஆனாலும் நீதி நியாயம் பார்க்கிற சபை என்றபடியால், வேட்பாளரை நேரில் விசாரிப்பதென்று தீர்மானித்தார்கள்.

விசாரணை ஜிம்முக்குப் பின்னால், பாட்மின்டன் வலைகள் சுருட்டி வைக்கிற அறையில் நடந்தது. பாஸ்டருக்கு முதல் சங்கடம் எப்படிக் கூப்பிடுவது என்பது. சிஸ்டர் என்றால் சபையை ஏற்றுக்கொண்டதாகிவிடும். மிஸிஸ் என்றால் மனம் நோகும். உபதேசரீதியாக எந்தச் சிக்கலும் இல்லாத ‘அக்கா’வைத் தெரிந்தெடுத்தார்.

“அக்கா, நீங்கள் இயேசுவை நம்புறீங்களோ?”

“ஓம் பாஸ்டர்.”

“எந்த இயேசுவை?”

“எத்தினை பேர் இருக்கினம்?”

பாஸ்டர் அடுத்த கேள்விக்குப் போனார். “உங்களிட்டப் பைபிளை விட இன்னொரு புத்தகமும் இருக்காமே. பைபிள் போதாதோ?”

“உங்கட பிரசங்கங்களையும் பன்னிரண்டு தொகுதியா அச்சடிச்சு வாசலில வைச்சிருக்கிறியள். வரேக்க கண்டனான்.”

“அது விளக்கம்.”

“பாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. உங்கட மாமி ராசமலர் அக்காவும் அந்தப் பகல் நிலையத்துக்குத்தான் வாறவ. அது மூடினா அவ பகல் முழுக்கத் தனிய இருக்க வேணும். அதைப் பற்றி ரெண்டு வார்த்தை—”

“அதெல்லாம் அரசியல் அக்கா,” என்றார் பாஸ்டர் கனிவாக. “நாங்கள் இஞ்சை தேர்தலைப் பற்றிக் கதைக்கிறம்.”

இந்த இடத்தில் சூசைரட்ணம் குறுக்கிட்டார். “உங்கட கோயிலுகளில சிலுவை வைக்கிறேல்லை எண்டது உண்மையோ?”

“உண்மை. வைக்கிறேல்லை.”

“சபையோர் கவனிக்க வேணும். கோயிலில சிலுவை வேண்டாமாம். ஆனா தன்ர பேருக்குப் பக்கத்தில மட்டும் எங்களிட்டச் சிலுவை கேக்கிறா.”

நோர்வேஜிய மொழியில் புள்ளடிக்கு ‘க்ரிஸ்’, சிலுவைக்கு ‘கோர்ஸ்’. இரண்டும் ஒரு குடும்பத்துச் சொற்கள்தான் என்று சூசைரட்ணம் விளக்கினார்.

“அது சிலுவை இல்லை அண்ணை,” என்றார் உதயகுமாரி. “சரிஞ்செல்லே இருக்கு. புள்ளடி. புள்ளின்ர அடி. கோழிக்கால்.”

“சரிஞ்ச சிலுவையும் சிலுவைதான்.”

கூட்டக் குறிப்பில் இரண்டே வரிகள் எழுதினார்கள். ஒன்று: வேட்பாளர் வந்தார். இரண்டு: வேட்பாளர் சிலுவையைக் கோழிக்கால் என்றார்.

இரண்டாம் வரி வெளியே போனதும் ஊர் தலைகீழாகியது. கத்தோலிக்கர்களும் கோபித்தார்கள். ஊரில் தாங்கள் தலைமுறை தலைமுறையாகப் புள்ளடிதான் போட்டதென்று சைவ ஆட்கள் வாதாட வந்தார்கள். மரக்கறி மட்டுமே சாப்பிடுகிற ஒரு குடும்பம், கோழிக்கால் என்றால் தாங்கள் எப்படிப் போடுவது என்று கேட்டது. ஐரிக் பதறிப்போய், புள்ளடிக்குப் பதிலாகச் சரி அடையாளம் போடலாமா என்று தேர்தல் அலுவலகத்துக்கு எழுதினார். நாலு பக்கப் பதில் வந்தது. வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரியும் எந்த அடையாளமும் செல்லுபடியாகும் என்றும், மேற்படி அடையாளத்தின் இறையியல் தகைமை தொடர்பில் அலுவலகத்துக்கு நிலைப்பாடு எதுவும் கிடையாது என்றும், கோழி தொடர்பான கேள்வி உரிய திணைக்களத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றும் அதில் இருந்தது.

உதயகுமாரி மட்டும் தினமும் வேலை முடிந்து வீடுவீடாகப் போனார். கதவு திறந்தவர்கள் எல்லோரும் அன்பாகவே பேசினார்கள். சிலர் தேத்தண்ணியை ஒளித்தார்கள். சிலர் மோர் வாங்கி வைத்திருந்தார்கள். பகல் நிலையம் என்று அவர் வாயெடுத்ததும், “அது கிடக்கட்டும், கோப்பியும் குடிக்கமாட்டியளோ?” என்றார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே அந்தச் சோபாவில் விழுந்து, “பதினேழு வீடு,” என்றார் கணவரிடம். “ஒரு வீட்டிலயாவது கிழடுகளைப் பற்றி ஒரு கேள்வி கேக்கேல்லை.” ரவீந்திரன் அவர் காலைப் பிடித்துச் சப்பாத்தைக் கழற்றினார்.

இதற்கிடையில் பட்டியலில் எட்டாவதாக இருந்த லதீசனின் காலம் வந்தது. இருபத்தெட்டு வயது; நோர்வேயில் பிறந்தவர்; ‘சேவை அனுபவ வடிவமைப்பாளர்’ என்று தொழில். வெள்ளிக்கிழமை பட்டுவேட்டியும் வெள்ளை ஓடுசப்பாத்துமாகக் கோவிலில் நின்றார். சனிக்கிழமை கத்தோலிக்கப் பூசையில் மெழுகுதிரி பிடித்தார். ஞாயிறு மீட்பின் வாசலில் இரண்டு கையையும் உயர்த்தினார். ஒரு நாளில் பதினொரு வீட்டில் பதினொரு தேத்தண்ணி குடித்தார்.

“தம்பி என்ன சமயம்?” என்று சூசைரட்ணம் கேட்டார்.

“நான் தேடலில இருக்கிறன் அங்கிள்.”

மூப்பர்கள் உருகிப்போனார்கள். கண்டுபிடித்துவிட்ட ஒருத்தியை விடத் தேடுகிற ஒருவன் எவ்வளவோ மேல். இன்றைக்கோ நாளைக்கோ தங்களிடம் வந்துவிடுவான். கோவில் நிர்வாகமோ அவர் வேட்டியைப் பார்த்து எங்கள் பெடியன் என்றது. ஐரிக் அவருக்கு ‘பல்நம்பிக்கைத் திறன்’ இருப்பதாக அறிக்கையில் ஒரு பின்னிணைப்பு எழுதினார்.

“பகல் நிலையத்தை மூடுறதைப் பற்றி என்ன நினைக்கிறாய் மோனை?” என்று ஒரே ஒரு ஆள் கேட்டார். பாஸ்டரின் மாமியார் ராசமலர்தான்.

“அதை நாங்கள் ஒரு பயணமாப் பாக்க வேணும் அன்ரி.”

“பஸ்ஸிலயோ?” என்றார் ராசமலர்.

தேர்தல் திங்கட்கிழமை நடந்தது. செவ்வாய் மத்தியானம் முடிவு வந்தது. லதீசனுக்கு நூற்றுப் பதினாலு புள்ளடி. உதயகுமாரிக்கு நூற்றுப் பன்னிரண்டு. சமமாக வந்திருந்தால், பட்டியலில் முன்னால் இருக்கிறவர் என்றபடியால் ஆசனம் உதயகுமாரிக்குப் போயிருக்கும்.

எண்ணிக்கையைப் பார்த்து ஐரிக்தான் அதிகம் குழம்பினார். நூற்றெண்பது பேர் கொண்ட சபை ஒன்று கட்டளைப்படி போட்டிருந்தால் லதீசனுக்கு இருநூற்றைம்பது தாண்டியிருக்க வேண்டும். விசாரித்தபோதுதான் தெரிந்தது: விசுவாசிகளில் நூற்று அறுபத்தொரு பேர் போன தேர்தலுக்குப் பிறகு ஒவ்வொருவராக லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அது வேறு நகரசபை. ஒஸ்லோவில் அவர்களுக்கு வாக்கே இல்லை. பாஸ்டருக்கும் இல்லை, ஏழு மூப்பர்களில் ஆறு பேருக்கும் இல்லை. ஐந்து வாரம் இராப்பகலாக ஆராய்ந்த செயற்குழு ஏன் இதைக் கவனிக்கவில்லை என்று கட்சி கேட்டது. விலாசம் கேட்பது தனியுரிமை மீறல் என்று ஐரிக் பதில் எழுதினார். பதில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

நவம்பரில் ‘டிஜிட்டல் அருகாமை’ வட்டாரசபையில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. லதீசன் தேடலில் இருந்தபடியே ஆதரித்துக் கையை உயர்த்தினார்.

பகல் நிலையத்தின் கடைசி நாளுக்கு உதயகுமாரி லீவு போட்டுக்கொண்டு போனார். கதிரைகளை அடுக்கும்போது ராசமலர் அவர் கையைப் பிடித்து, “நாளைக்கு என்ன சாப்பாடு பிள்ளை?” என்று கேட்டார். நாளைக்கு இல்லை என்று அவருக்கு மூன்று தரம் சொல்லியாகிவிட்டது. உதயகுமாரி நாலாம் தரம் சொல்லாமல், பானையில் மிச்சமிருந்த சூப்பை ஒரு போத்தலில் ஊற்றி அவர் பையில் வைத்தார். பிறகு கழுவுகிற தொட்டிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பானையை நெடுநேரம் கழுவினார்.

அதற்குப் பிறகுதான் ஊர் அவரிடம் வரத் தொடங்கியது. கடையில், பஸ்ஸில், வைத்தியரின் வரிசையில் ஒவ்வொருவராகக் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, “நான் உங்களுக்குத்தான் புள்ளடி போட்டனான்” என்றார்கள். மரக்கறிக் குடும்பம் முழுவதும் போட்டிருந்தது. மங்களேஸ்வரி அக்கா இரண்டு போட்டதாகச் சொன்னார். டிசம்பர் நத்தாருக்குள் அப்படிச் சொன்னவர்கள் இருநூற்று அறுபது பேர். லோறென்ஸ்கூக்கில் இருந்து பலர். துரொண்ட்ஹெய்மில் இருந்து ஒருவர் போன் எடுத்துச் சொன்னார். உதயகுமாரி எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

தை மாதம் பாஸ்டர் அருளானந்தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். கையில் டாப்லெட். ஐந்து தரம் பிழையான இலக்கம் அடித்ததில் அது பூட்டிக்கொண்டுவிட்டது. உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தால், டாப்லெட்டுக்குள் போய் விண்ணப்பிக்கச் சொன்னார்களாம். ஆவணத்தை முழுக்க வாசித்த ஆள் என்று கேள்விப்பட்டு இங்கே வந்திருக்கிறார்.

“இது என்ர பேரைக் கேக்குது,” என்றார் ராசமலர். “என்னைப் பாத்துக்கொண்டே கேக்குது.”

உதயகுமாரி நூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கத்தில் இருந்த வழியின்படி அதைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். பாஸ்டர் கொஞ்சநேரம் தரையைப் பார்த்தார்.

“அக்கா, மனசில வைச்சிருக்காதேங்கோ. எனக்கு இஞ்சை வாக்கு இருந்திருந்தா, சத்தியமா உங்களுக்குத்தான் போட்டிருப்பன்.”

“வாக்கு இருந்த நானே எனக்குப் போடேல்லை பாஸ்டர்.”

பாஸ்டர் நிமிர்ந்தார். “ஏன்?”

“வாக்குப் போடுற கூட்டுக்குள்ள போய்ப் பேனையை எடுத்தனான். என்ர பேருக்கு நானே புள்ளடி போடுறது பெருமை எண்டு பட்டுது. கடவுளுக்குப் பிடிக்காதெல்லே. இவரிட்டயும் எனக்குப் போட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். முப்பது வருசத்தில நான் சொன்னதை அவர் கேட்ட முதல் நாள்.”

நூற்றுப் பன்னிரண்டோடு இரண்டைக் கூட்டினால் எத்தனை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குசினியில் நின்ற ரவீந்திரனுக்கும் தெரிந்திருந்தது. டாப்லெட் மட்டும், தயவுசெய்து உங்களை அடையாளப்படுத்துங்கள் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னது.

பாஸ்டர் அருளானந்தனின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவர் உதயகுமாரியை முழு மனதோடு பார்த்தார்.

“அது சரியான உபதேசம் அக்கா,” என்றார். “அதில எங்கட சபைக்கும் உங்கட சபைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.”